நூற்றில் ஒன்று

தீக்குச்சியின் தடிமன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். கட்டடத்தை 1:100 அளவில் சிறுத்துச் செய்பவருக்கு அது 8 அங்குலத் தூண். தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா ரீஃபிலை வெட்டி நிறுத்தினால் ஓரடிக் குறுக்களவில் வட்டத் தூண். ஈர்க்குச்சி, தெருவிளக்குக் கம்பம். ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் கறுப்பாகச் சின்னதாக இருக்கிறதே, அது சாலை நடுவே பாதாளச் சாக்கடையின் மூடி. கேமரா ஃபிலிம் சுருள் வரும் டப்பா, அடுக்குமாடிக்கு மேலே நிற்கும் தண்ணீர்த் தொட்டி. பள்ளிக்கூடத்து அழிரப்பர் 40 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் முன்னும் பின்னும் சரித்துச் சீவினால் போதும், 4 மீட்டர் கார் ஒன்று வாசலில் வந்து நிற்கும்.

பல வருடம் என் கண் உலகத்தை இப்படித்தான் பார்த்தது. கடைத்தெருவில் நடந்தாலும் சரி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, கண்ணில் பட்டதெல்லாம் நூறில் என்ன ஆகும், இருநூறில் என்ன ஆகும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். டீக்கடை வடிகட்டியின் வலையைப் பார்த்து, பால்கனிக்குக் கிராதி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். இன்று அப்படிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. வேலை மாறியதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அது தீர்ந்துவிடக்கூடிய வருத்தம். அந்தப் பார்வைக்கு ஏங்குவதுதான் தீரவில்லை.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் மொட்டைமாடி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த மாடல் பட்டறை அதுதான். கட்டடக் கலைஞர்கள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். போட்டிக்கு அனுப்ப, வீடு கட்டுகிறவரிடம் காட்ட, விற்பனை அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். எப்போதும் அவசரம். கல்லூரி ஜூரிக்கு முதல் நாள் இரவு கட்டடக் கலை மாணவர்கள் கண் சிவக்க வந்து நிற்பார்கள். பாதி முடிந்த மாடலை அட்டைப்பெட்டி மூடியில் ஏந்திக்கொண்டு வருவார்கள். பட்டறையில் மூத்தவரை எல்லோரும் ஆசாரி என்றுதான் கூப்பிடுவோம். கும்பகோணம் பக்கத்துத் தச்சர் குடும்பம். நிலைக்கதவு செய்யக் கற்ற கை, 21 மில்லிமீட்டர் உயரக் கதவைச் செய்துகொண்டிருந்தது.

விலைக்கு வாங்கிய கருவி அங்கே மிகக் குறைவு. ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், கட்டர், குறடு, அவ்வளவுதான் நினைவுக்கு வருகிறது. மற்ற எல்லாம் செய்துகொண்டவை. உடைந்த ஆக்ஸா பிளேடைச் சாணைக்கல்லில் சாய்வாகத் தேய்த்து, பிடிக்குச் சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றினால் முதல் தரமான கத்தி. தேய்க்கும்போது எஃகு நீலம் பாய்ந்துவிடக்கூடாது. பாய்ந்தால் முனை மெத்தென்று ஆகிவிடும், கூர் நிற்காது. அதனால் பக்கத்திலேயே டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நாலு தேய் தேய்த்ததும் முக்கி எடுக்க வேண்டும். கிழிந்த குடையின் கம்பி உட்குழிந்து இருக்கும். அதன் முனையைக் கூராக்கினால் சின்னஞ்சிறு குழியுளி. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியலைப் பிரித்தால் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற குழாய்கள் வரிசையாகக் கிடைக்கும். ஒவ்வொன்றின் வாயையும் உள்பக்கம் வட்ட அரத்தால் தீட்டி வைத்துக்கொண்டால் விதவிதமான அளவில் வட்டம் வெட்டலாம். தெர்மோகோலில், பால்சா கட்டையில், மெல்லிய கார்க் தகட்டில் அழுத்தித் திருகினால் காம்பஸ் போட்டது மாதிரி வில்லை கழன்று வரும். ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர் எங்களுக்காகவே உடைந்த ஏரியல்களை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார்.

துணி கிளிப்பின் இரண்டு கட்டைகளையும் கழற்றித் திருப்பிப் போட்டு ஸ்பிரிங் மாட்டினால், கொக்கின் அலகு நீளத்துக்கு ஒடுங்கிய வாய் கிடைக்கும். உள்ளே கைபோகாத மூலையில் இரண்டு அட்டை ஒட்டும் வரை பிடித்துக்கொண்டிருக்க அதைவிட நல்ல கிளாம்ப் கிடையாது. ஃபெவிகால் 1959-லிருந்து இந்த நாட்டில் கிடைக்கிறது. அதை எப்படி வைப்பது என்பதில்தான் கைத்திறமை. டப்பாவில் விரல் விட்டுப் பூசுகிறவன் அட்டைவேலைக்கு லாயக்கில்லை என்பார் ஆசாரி. சொட்டுத் தண்ணீர் கலந்து, ஊசிபோடும் சிரிஞ்சில் ஏற்றி, ஊசியின் கூர் முனையை வெட்டி மழுக்கிவிட்டு, அதன் வழியாக மயிரிழையாக விட வேண்டும். வேலை முடிந்ததும் ஊசித் துளைக்குள் குண்டூசி ஒன்றைச் செருகி வைத்தால் அடைத்துக்கொள்ளாது. உப்புத்தாளை வெறுங்கையில் பிடித்துத் தேய்த்தால் அட்டை விளிம்பு உருண்டுவிடும். கண்ணாடிக் கடையில் கழித்துப்போட்ட பட்டையான துண்டு ஒன்றில் உப்புத்தாளை ஒட்டிவிட்டால், கண்ணாடியின் சமம் விளிம்புக்கு வந்துவிடும். இவையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் நான் படித்தவை அல்ல.

மவுண்ட் போர்டு வெட்டுவதைச் சற்று நிதானமாகச் சொல்லியாக வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சாதாரணம். ஸ்கேலை வைத்து இழுத்தால் முடிந்தது என்று நினைப்பார்கள். "அழுத்தாதே தம்பி, மூணு தடவை போ" என்பதுதான் ஆசாரி எனக்குச் சொன்ன முதல் பாடம். முதல் இழுப்பில் மேல்தாள் மட்டும்தான் பிளக்க வேண்டும். அதற்குக் கையின் கனம் போதும். இரண்டாவது இழுப்பு அந்தத் தடத்திலேயே தானாகப் போகும், அட்டையின் உள்பஞ்சு வெட்டுப்படும். மூன்றாவதில் அடித்தாள். முதல் இரண்டு இழுப்பிலும் கரகரவென்று கேட்கிற சத்தம், மூன்றாவதில் சட்டென்று மெலியும். அந்தச் சத்தம் மாறுகிற இடத்தில் கையை நிறுத்தத் தெரிந்தவனுக்கு அடியில் விரித்த பலகையில் கீறல் விழாது, வெட்டும் நேராக நிற்கும். ஒரே அழுத்தில் வெட்டினால் கத்தி சாயும்; விளிம்பு கீழே ஒரு மில்லிமீட்டர் வெளியே போயிருக்கும். நூறில் ஒரு மில்லிமீட்டர் என்பது நாலு அங்குலம். உண்மை வீட்டில் சுவர் நாலு அங்குலம் சாய்ந்தால் யார் குடிபோவார்கள்?

சுவர்கள் கூடும் மூலையில் அட்டையின் வெட்டுமுகம் வெளியே தெரிவது எங்களுக்குப் பெரிய அவமானம். இரண்டு பக்கத்தையும் 45 பாகையில் சரித்துச் சீவி ஒட்ட வேண்டும். அதற்கும் ஆசாரி ஒரு தேக்குக் கட்டையைச் சரிவாக இழைத்து, மேலே உப்புத்தாள் ஒட்டி வைத்திருந்தார். பிளேடு முனை மழுங்கியதும் குறடால் ஒரு கட்டை ஒடித்துவிட வேண்டும், யோசிக்கவே கூடாது. பிளேடில் கஞ்சத்தனம் பார்த்தால் அட்டையில் பிசிறு தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் சென்னை மழை இந்த வேலைக்குப் பெரிய சோதனை. அட்டை ஈரம் குடித்து வளையும். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் அந்தப் பக்கமே சுருட்டிக்கொள்ளும். அதனால் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்திலும் அதே கனத்தில் ஒரு தாள் ஒட்டுவோம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்தால் அட்டை நடுவில் நேராக நின்றுதானே ஆக வேண்டும்? பிறகு இரும்புத் தகடு, தண்ணீர் நிரப்பிய டின், பழைய டெலிபோன் டைரக்டரி என்று கிடைத்த பாரத்தை எல்லாம் ஏற்றி இரவெல்லாம் வைப்போம்.

மலைச்சரிவில் கட்டடம் என்றால் நிலத்தை முதலில் செய்ய வேண்டும். கொடைக்கானல், ஏற்காடு மனைகள் வந்தால் தெர்மோகோல் வேலை. இஸ்திரிப்பெட்டி எலிமென்ட்டிலிருந்து உருவிய நிக்ரோம் கம்பியை மூங்கில் வில்லில் நாண் பூட்டுவதுபோல் கட்டுவோம். மின்சாரத்துக்கு ரிச்சி தெருவில் வாங்கிய 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். கம்பி சிவக்கக் கூடாது. சிவந்தால் தெர்மோகோல் கம்பியைத் தொடுவதற்கு முன்பே உருகிப் பின்வாங்கும், வெட்டு அகன்று பள்ளமாகிவிடும். கறுப்பாகவே இருந்து, எச்சில் தொட்டால் சுள்ளென்கிற சூடுதான் பதம். அப்போது தகடு கம்பியின் ஊடாக வழுக்கிக்கொண்டு போகும், பின்னால் சிலந்தி இழை மாதிரி நூல்கள் பறக்கும். கை ஓரிடத்தில் தயங்கினால் அந்தத் தயக்கம் குழியாகப் பதிந்துவிடும். ஆகவே சமோச்சக் கோட்டை மேலிருந்து கீழ்வரை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தகட்டைத் தள்ள வேண்டும். தெர்மோகோலில் ஸ்பிரே பெயின்ட் அடித்தால் அரித்துத் தின்றுவிடும். முதலில் ஃபெவிகால் ஒரு பூச்சு பூசிக் காயவிட்டால் பெயின்ட் மேலோடு நின்றுவிடும்.

உருகும் தெர்மோகோலின் வாடைக்கு நான் ஏங்கவில்லை. அக்ரிலிக் ஒட்டுவதற்கு நாங்கள் பயன்படுத்திய குளோரோஃபார்மின் மணத்துக்கும் இல்லை. அதன் ஆபத்தை அப்போது யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்வோம், அவ்வளவுதான் பாதுகாப்பு. ஆனாலும் அந்த ஒட்டு விழும் விதத்தை இன்னும் மறக்க முடியவில்லை. இரண்டு அக்ரிலிக் துண்டுகளை மூலைமட்டத்தில் நிறுத்தி, இடுக்கின் ஒரு முனையில் சிரிஞ்சால் ஒரே ஒரு துளி வைத்தால், அந்தத் துளி தானாகவே இடுக்கு முழுவதும் ஓடும். வெண்மையாகத் தெரிந்த கோடு ஓட ஓடத் தெளிந்து, இரண்டு துண்டும் ஒரே துண்டாகிவிடும். கையே படாமல் பொருளே செய்துகொள்கிற வேலை அது.

கண்ணாடி ஜன்னலுக்கு அக்ரிலிக் எல்லாம் ஆடம்பரம். பழைய எக்ஸ்ரே படத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தால் எலும்பெல்லாம் கரைந்து போய் இளநீலத்தில் ஒரு தெளிவான தகடு மிஞ்சும். அலுவலகக் கட்டடங்களின் நீலக் கண்ணாடிச் சுவருக்கு அந்த நிறம் அப்படியே பொருந்தும். யாருடைய உடைந்த முழங்கையோ, யாருடைய நெஞ்சோ, எத்தனையோ மாடிகளுக்கு ஜன்னலாயிற்று.

மரங்கள் அம்மாவிடமிருந்து வந்தன. துளசிமாடத்தில் பூத்து முடித்த கதிர்களை அம்மா கிள்ளிப் போடுவாள். காய்ந்த துளசிக் கதிர், இருநூறில், நெட்டிலிங்க மரம். உயரமும் சரி, அடுக்கடுக்காகக் கீழ்நோக்கி இறங்குகிற வாகும் சரி, வேறெதிலும் அப்படிக் கிடைக்காது. பீர்க்கங்காய் முற்றிக் காய்ந்தால் உள்ளே இருக்கும் நார்க்கூட்டைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் முக்கினால் புதர். பெரிய மரத்துக்கு மின்சார வயரின் மெல்லிய செம்புக்கம்பிகளை ஒரு கற்றையாக முறுக்கி, முக்கால் உயரத்தில் இரண்டாகப் பிரித்து முறுக்கி, அவற்றை மறுபடி பிரித்து, நுனிகளை ஃபெவிகாலில் தோய்த்து, சாயமேற்றிய மரத்தூளில் புரட்டுவோம். மரக்கடையில் தூள் இலவசம், ஆனால் இரண்டு முறை சலிக்க வேண்டும். சலிக்காத தூளில் ஒரு சிராய் இருந்தாலும் மரத்தில் ஒரு பலகை தொங்குவதுபோல் இருக்கும். சுவருக்குச் சொரசொரப்பு வேண்டும் என்று ஒரு மாணவன் ரவையைத் தூவி ஒட்டினான், இரண்டே நாளில் எறும்பு வரிசை கட்டிவிட்டது. அதற்குச் சலித்த மணல்தான் சரி.

பொருள் தேடிப் போகும் நாட்கள் எனக்குத் திருவிழா. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாளும் அட்டையும். கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் கழித்துப்போட்ட அட்டை ஓரங்களை எடை போட்டுத் தருவார்கள். அதிலிருக்கும் விதவிதமான மேல்பூச்சுகள் தரைக்கல் வேலைக்கு உதவும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்துப்போடும் கடைகளில் பேரிங் குண்டும் ஸ்பிரிங்கும். ஃபேன்சி ஸ்டோரில் பாசிமணி, கொண்டை ஊசி, வளையல் துண்டு. அங்கே நிற்கிற ஒரே ஆண் நானாகத்தான் இருப்பேன். கடைக்கார அம்மா "யாருக்கு தம்பி, தங்கச்சிக்கா?" என்று கேட்பார். சர்ச் கோபுரத்துக்கு என்று சொன்னால் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு டப்பாவை எடுத்துக் காட்டுவார்.

ஆசாரிக்கு இந்தக் கடைகள் எல்லாம் இரண்டாம்பட்சம். அவர் மூர் மார்க்கெட்டில் பழகியவர். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 1900-ல் திறந்த அந்தச் செங்கல் சந்தையில் அவர் தேடிப் போவது பழைய புத்தகங்களோடு வந்து குவியும் வெளிநாட்டுக் கருவிகளை. பல் மருத்துவர் கழித்த ஊசிகள், வாட்ச் ரிப்பேர்க்காரரின் இடுக்கிகள், கப்பலில் வந்தவன் விற்றுவிட்டுப் போன அரங்கள். 1985-ல் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தபோது, பக்கத்துச் சிறு தோட்டத்தில் மார்க்கெட்டின் சிறு மாதிரி ஒன்றை வைத்தார்கள். ஆசாரி அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. சென்ட்ரல் பக்கம் போனால் மட்டும், வளைவுகளின் விகிதம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு வருவார்.

கையில் கிடைத்ததைக் கொண்டு பெரிய கட்டடங்களை யோசித்தவர்கள் எங்களுக்கு முன்னாலும் இருந்தார்கள். ஃபிளாரன்ஸ் தேவாலயத்தின் பெரிய குவிமாடத்தை எழுப்பிய புருனெலெஸ்கி, கல்லை எந்த வடிவில் வெட்ட வேண்டும் என்று கொத்தர்களுக்குக் காட்டப் பெரிய டர்னிப் கிழங்குகளைச் செதுக்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பார்சலோனாவுக்கு அருகே குவெல் காலனி தேவாலயத்துக்காகக் கௌடி, கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகள் நிரப்பிய சின்னப் பைகளை அவற்றில் கட்டி, பாரத்தால் நூல்கள் எடுத்த வளைவைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டடத்தின் வளைவைக் கண்டார். அந்த மாதிரி 1:10 அளவில், ஏறத்தாழப் பத்து வருடம் தொங்கியது. 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூடாரக் கூரை, போட்டிக்குச் செய்த மாதிரியில், குச்சிகளின் மேல் இழுத்துக் கட்டிய பெண்களின் நைலான் காலுறை. சண்டிகரில் லெ கொர்பூசியேயின் கட்டடங்களுக்கு மர மாதிரிகள் செய்த ரத்தன் சிங்கின் பெயர் கட்டடக் கலை படித்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அந்தப் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

நம்முடைய தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அதே அநியாயம்தான் நடக்கிறது. குளத்தில் விளையும் நெட்டித் தண்டின் தோலைச் சீவினால் உள்ளே தந்த வெண்மையில் மெத்தென்ற சோறு. அதை மெல்லிய தகடாக, பட்டையாக, மணியாக வெட்டி ஒட்டிப் பெரிய கோயிலின் விமானத்தை அடுக்கடுக்காக எழுப்பிவிடுகிறார்கள். வர்ணம் பூசுவதில்லை, பூச வேண்டியதும் இல்லை. 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆசாரி ஒருமுறை ஊருக்குப் போய்வந்தபோது ஒரு கட்டு நெட்டி கொண்டுவந்தார். எங்கள் ஆக்ஸா பிளேடுக் கத்தியை அதில் வைத்ததும் எனக்குக் கை நடுங்கியது. எதிர்ப்பே இல்லை. தெர்மோகோலில் உதிரும் மணிகள் இதில் இல்லை, பால்சாவில் இழுக்கும் நார் இல்லை. இறக்குமதி ஃபோமுக்காக நாங்கள் காத்துக்கிடந்த நாட்களில், அதைவிட நல்ல பொருள் நம் குளங்களில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. கூர் மட்டும் தவறக்கூடாது. மழுங்கிய கத்தியை நெட்டி மன்னிக்காது, நசுங்கிவிடும்.

பிறகு லேசர் வந்தது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆசாரி இரண்டு நாள் குனிந்து வெட்டிய ஜாலியை அது டீ குடித்து முடிப்பதற்குள் வெட்டிவிடும், நாற்பது ஜன்னலும் ஒரே அளவில் இருக்கும். முப்பரிமாண அச்சு இயந்திரம் நம்மால் கனவுகூடக் காண முடியாத வளைவுகளைச் செய்கிறது. மாணவர்கள் இரவில் தூங்குகிறார்கள், அது நல்லது. பட்டறை மூடியது, நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வரைகிற வேலைக்குப் போனேன். ஆசாரி ஊருக்குத் திரும்பி, அங்கேயே காலமானார். அவர் கத்திகள் யாரிடம் இருக்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. என்னுடையவை ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. வீடு மாறியபோது சாமான் ஏற்றியவர்களிடம் தொலைந்துவிட்டன. துருப்பிடித்த பிளேடும் ஏரியல் குழாயும் குடைக்கம்பியும் நிறைந்த டின்னை யார் பத்திரமாக வைப்பார்கள்? திறந்து பார்த்தவருக்கு அது குப்பையாகத்தான் தெரிந்திருக்கும்.

திரையில் வரைகிற கோட்டுக்குக் கனம் இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் பழகாதது. எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். எனவே எந்த அளவிலும் நிற்க வேண்டியதில்லை. நூறில் வேலை செய்தபோது நூறில் வாழ்ந்தோம். 17 மில்லிமீட்டர் மனிதன் எங்கே இடித்துக்கொள்வான், எங்கே நிழலில் ஒதுங்குவான், எந்த ஜன்னலில் எட்டிப் பார்ப்பான் என்பது கைக்குத் தெரியும்.

இப்போது ஒரே ஒரு வேலையை மறுபடி செய்யக் கிடைக்கும் என்றால் படிக்கட்டைத்தான் கேட்பேன். நாங்கள் வாங்கிய மவுண்ட் போர்டு ஒன்றரை மில்லிமீட்டர். வீட்டுப் படியின் உயரம் 150 மில்லிமீட்டர். நூறில் ஓர் அட்டை ஒரு படி, கணக்கு அப்படியே உட்காரும். மிதிக்கும் அகலம் 300, அதாவது 3 மில்லிமீட்டர். ஒவ்வொரு பட்டையும் அதற்கு மேலே வரும் பட்டையைவிட 3 மில்லிமீட்டர் அகலமாக வெட்டிக்கொண்டு, அடுக்கி ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கண்ணாடித் துண்டுகள் இரண்டைச் செங்குத்தாக ஒட்டி அணைவு செய்து, பட்டைகளின் பின்விளிம்பை அதில் தள்ளி நிறுத்தினால் முன்பக்கப் படிகள் தாமாகவே சரியாக விழும். கண்ணாடியில் ஃபெவிகால் பிடிக்காது என்பதால் காய்ந்ததும் உரித்து எடுத்துவிடலாம். 10 அடி உயர மாடிக்கு இருபது படி, நடுவில் ஒரு திருப்பம்.

படிக்கட்டு ஒட்டி முடிந்ததும் ஆசாரி சட்டைப்பையிலிருந்து ஓர் ஆளை எடுப்பார். குண்டூசியின் தலையே அவன் தலை, உடம்புக்கு அட்டை, உயரம் 17 மில்லிமீட்டர். அவனைக் கீழ்ப்படியில் நிறுத்தி, ஒவ்வொரு படியாக மேலே ஏற்றுவார். ஒருமுறை பதின்மூன்றாவது படியில் ஊசித் தலை மேலே ஓடிய உத்தரத்தில் முட்டியது. வரைபடத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. தளம் தனித்தாள், வெட்டுத்தோற்றம் தனித்தாள். ஆசாரி கையைத் துடைத்துக்கொண்டு கட்டடக் கலைஞருக்குப் போன் போடச் சொன்னார். "சார், உங்க வீட்டுல ஆள் தலை இடிக்குது" என்று நான் சொன்னேன். மறுநாள் காலை அவரே மொட்டைமாடிக்கு ஏறி வந்து, குனிந்து, அந்த ஆளைத் தன் விரலால் படியில் ஏற்றிப் பார்த்தார். உத்தரத்தை அரை மீட்டர் தள்ளி வரைந்த புதிய தாள் மாலைக்குள் வந்துவிட்டது. நாங்கள் பழைய உத்தரத்தைக் கத்தியால் நெம்பி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினோம்.

பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அவர்களுக்கு இந்தப் படிக்கட்டைச் செய்துகாட்ட ஆசை. மவுண்ட் போர்டு கிடைக்கும், ஃபெவிகால் இருக்கிறது. சாணைக்கல் மட்டும் வாங்க வேண்டும். உடைந்த ஆக்ஸா பிளேடு தெருமுனை வெல்டிங் கடையில் சும்மாவே தருவார்கள்.